இந்தியாவில் மென்பொருள் காப்புரிமை

மென்பொருள் காப்புரிமை என்பது, கணினி நிரல் வழியாகச் செயற்படும் ஒரு முறைக்கோ கருவிக்கோ அரசு குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கும் தனியுரிமை ஆகும். இவ்வுரிமையைப் பெற்றவரின் இசைவின்றி வேறெவரும் அம்முறையைத் தொழிலில் பயன்படுத்தவோ, அதனைக் கொண்ட பொருளைச் செய்யவோ விற்கவோ இயலாது. ஒருவர் பிறருடைய நிரலைப் பார்க்காமல் தாமே சிந்தித்து எழுதியிருந்தாலும் இத்தடை அவருக்கும் பொருந்தும்.

இந்தியாவில் "கணினி நிரல் தன்னளவில்" காப்புரிமைக்கு உரியதன்று என 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) உட்பிரிவு கூறுகிறது. "தன்னளவில்" என்னும் இவ்வொரு சொல்லின் பொருள் எதுவரை செல்லும் என்பதே 2002 முதல் நாடாளுமன்றத்திலும் காப்புரிமை அலுவலகத்திலும் நீதிமன்றங்களிலும் நிகழ்ந்துவரும் விவாதத்தின் மையமாகும். மென்பொருள் நிறுவனங்களைத் தவிர, மென்பொருளைக் கருவியாகக் கொண்டு இயங்கும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் போன்ற துறைகளையும் இவ்விவாதம் தொடுகிறது. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பலவும் அத்தொழிலிலிருந்தே தரப்படுகின்றன.

உரிமை வகைகள்

மனிதரின் அறிவு உழைப்பால் உருவாகும் ஆக்கங்கள் மீது சட்டம் ஏற்கும் உரிமைகள் பொதுவாக அறிவுசார் சொத்துரிமை எனப்படுகின்றன. இலங்கையில் இது புலமைச் சொத்து எனப்படுகிறது. இவ்வுரிமைகளுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. ஒன்றை மற்றொன்றாகக் கருதுவதால் குழப்பங்கள் நேர்கின்றன.

- பதிப்புரிமை: எழுத்து, இசை, ஓவியம், கணினி நிரல் முதலியவற்றின் வெளிப்பாட்டு வடிவத்தைக் காக்கிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஆள்கிறது. இலக்கிய ஆக்கங்களுக்கு இவ்வுரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமன்று.
- காப்புரிமை: புதிய கண்டுபிடிப்பைக் காக்கிறது. விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். ஆய்வுக்குப் பின் அரசு வழங்கினாலன்றி இவ்வுரிமை இல்லை.
- வடிவுரிமை: பொருளின் கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தை, அதாவது உருவம், கோலம், அலங்காரம் ஆகியவற்றைக் காக்கிறது. இதற்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டம் உண்டு. பத்து ஆண்டுகள் நீடிக்கும். மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம்.
- வணிகக்குறி: ஒரு வணிகரின் பொருளைப் பிறர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயரையும் சின்னத்தையும் காக்கிறது.
- புவிசார் குறியீடு: ஓர் ஊரின் பெயரால் சிறப்புப் பெற்ற பொருளைக் காக்கிறது. பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி ஆகியன இக்குறியீட்டைப் பெற்றவை. இதற்கான தேசியப் பதிவகம் சென்னையில் அமைந்துள்ளது.

பதிப்புரிமைக்கும் காப்புரிமைக்கும் இடையிலான வேறுபாடு

பதிப்புரிமை எழுதப்பட்ட நிரலைக் காக்கிறது. காப்புரிமை நிரலுக்குப் பின்னாலுள்ள முறையைத் தனியுரிமையாக்குகிறது. இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

திருப்பூர் மாநகரைச் சேர்ந்த நெருப்பெரிச்சலில் ஒரு பின்னலாடை நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். ஆடையின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி ஆகிய துண்டுகளைத் துணியின் மேல் எவ்வாறு அடுக்கினால் வீணாகும் துணி குறையும் என்பதை இந்நிறுவனம் ஒவ்வோர் ஆணைக்கும் முடிவு செய்யவேண்டும். இந்த அடுக்கு வரைவு தொழிலில் மார்க்கர் எனப்படுகிறது. ஆடையின் அடக்கவிலையில் துணியின் பங்கே பெரிது என்பதால், மார்க்கரில் ஓரிரு விழுக்காடு சேமித்தாலும் அதன் பயன் பெரிது. அனுபவமிக்க கட்டிங் மாஸ்டர் கண்ணளவில் செய்துவந்த இவ்வேலையை இன்று கணினி நிரல்களும் செய்கின்றன.

ஒரு நிரலாளர் இத்தகைய நிரலை எழுதி விற்கிறார். அதன் படியை இசைவின்றி எடுத்துப் பிறர் விற்றால் அது பதிப்புரிமை மீறல். ஆனால் வேறொரு நிரலாளர் அந்நிரலைப் பார்க்காமல் அதே வேலையைச் செய்யும் தம் சொந்த நிரலை எழுதினால் பதிப்புரிமைச் சட்டம் அவரைத் தடுப்பதில்லை. முதலாமவருக்கு அந்த அடுக்கும் முறையின் மீதே காப்புரிமை வழங்கப்பட்டிருந்தால் நிலைமை மாறும். இரண்டாமவர் அம்முறையைப் பயன்படுத்தும் நிரலை எவ்வகையில் எழுதினாலும் மீறல் ஆகும். அந்நிரலை வாங்கிப் பயன்படுத்திய பின்னலாடை நிறுவனமும் வழக்கில் சேர்க்கப்படலாம். அறியாமல் செய்தது என்பது இழப்பீட்டுத் தொகையைப் பாதிக்கலாமே தவிர, மீறலை இல்லாததாக்காது.

வரலாற்றுப் பின்னணி

நெசவுக்கும் காப்புரிமைக்கும் உள்ள உறவு கணினிக்கு மிக முந்தியது. பின்னல் இயந்திரங்களின் முன்னோடியான காலுறைப் பின்னல் பொறியை 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ உருவாக்கினார். கையால் பின்னி வாழ்வோரின் பிழைப்பு கெடும் என்று கூறி முதலாம் எலிசபெத் அரசியார் அதற்குத் தனியுரிமை வழங்க மறுத்தார் என்று மரபாகக் கூறப்படுகிறது. தனியுரிமையை வழங்குவதா இல்லையா என்பதைப் பொதுநலன் கருதி அரசு முடிவு செய்யும் என்ற கருத்து இந்நிகழ்ச்சியில் காணப்படுகிறது.

பிரான்சின் ஜோசப் மாரி ஜக்கார் 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கிய தறி, துளையிட்ட அட்டைகளின் வரிசையைப் படித்து அதற்கேற்ற கோலத்தை நெய்தது. அட்டையை மாற்றினால் கோலம் மாறும். இயந்திரம் ஒன்று, அதனை நடத்தும் கட்டளைத் தொடர் மற்றொன்று என்ற பிரிவு இதில் தெளிவாகக் காணப்பட்டது. இத்துளையட்டை முறையே பின்னர் ஆரம்பகாலக் கணினிகளிலும் பயன்பட்டது. ஜக்கார் தறி சில ஆண்டுகளிலேயே பொதுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஜக்காருக்கு ஓய்வூதியமும் ஒவ்வொரு தறிக்கும் ஒரு தொகையும் வழங்கப்பட்டன.

இயந்திரத்திற்குக் காப்புரிமை உண்டு என்பதில் இன்று ஐயமில்லை. அந்த அட்டைத் தொடருக்கும் காப்புரிமை உண்டா என்பதே மென்பொருள் காப்புரிமை பற்றிய வினாவின் எளிய வடிவம்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1968இல் மார்ட்டின் கெட்சு என்பவருக்குத் தரவுகளை வரிசைப்படுத்தும் முறைக்காக வழங்கப்பட்ட காப்புரிமை, முதல் மென்பொருள் காப்புரிமையாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1972இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓர் எண்மாற்று முறைக்குக் காப்புரிமை மறுத்தது. 1981இல் ரப்பரைப் பதப்படுத்தும் அச்சின் வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து, உரிய நேரத்தைக் கணினியால் கணித்து, அச்சைத் திறக்கும் முறை காப்புரிமைக்கு உரியது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூத்திரம் பழையது; ஆனால் அது ஒரு தொழில்முறையை மேம்படுத்தியது என்பது காரணம்.

இதன்பின் அந்நாட்டில் காப்புரிமைகள் பெருகின. ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் நிறுவனம் 1999இல் பெற்ற காப்புரிமை பரவலாக விமர்சிக்கப்பட்டது. ஜிஃப் படக்கோப்பில் பயன்பட்ட தரவுச் சுருக்க முறையின் மீது யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கொண்டிருந்தது. அவ்வடிவம் உலகெங்கும் பரவிய பின்னர், 1994இன் இறுதியில், அதற்குக் கட்டணம் கோரப்பட்டது. அதனைத் தவிர்க்கவே பி.என்.ஜி. என்னும் கட்டற்ற படவடிவம் உருவாக்கப்பட்டது. யூனிசிசின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது. 2014இல் ஆலிஸ் வழக்கில், ஒரு பொதுக் கருத்தைச் சாதாரணக் கணினியில் செய்வதால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

ஐரோப்பாவில் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை கணினி நிரல்களை "அவ்வாறான நிலையில்" காப்புரிமையிலிருந்து விலக்குகிறது. எனினும் தொழில்நுட்பத் தன்மை உள்ளதாகக் கருதப்பட்ட பல மென்பொருள் முறைகளுக்கு அங்குக் காப்புரிமை வழங்கப்பட்டு வந்தது. இதனைச் சட்டமாக்கும் வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலை 6 அன்று 648க்கு 14 என்ற வாக்குகளில் நிராகரித்தது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரல்களைப் பதிப்புரிமைக்குரிய ஆக்கங்களுள் ஒன்றாகக் கொள்கிறது.

இந்தியச் சட்டத்தின் வளர்ச்சி

அய்யங்கார் அறிக்கை

விடுதலைக்குப் பின்னும் இந்தியாவில் 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அதனை ஆராயும் பொறுப்பு, அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ந. ராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959இல் அவர் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை வெளிநாட்டவரிடம் உள்ளதையும், அவற்றுள் பல இந்நாட்டில் செயற்படுத்தப்படாமல் இருப்பதையும் எடுத்துக்காட்டியது. காப்புரிமை என்பது நாட்டின் தொழில் வளர்ச்சிக்காக வழங்கப்படுவது என்ற நோக்கில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு 1972இல் நடைமுறைக்கு வந்தது. கண்டுபிடிப்பு அல்லாதவை எவை என்பதை அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு பட்டியலிடுகிறது.

நிரல்கள் பதிப்புரிமையில் சேர்க்கப்படல்

1984இல் செய்யப்பட்ட திருத்தம் கணினி நிரல்களைப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் இலக்கிய ஆக்கங்களாக ஏற்றது. 1995இல் உலக வணிக அமைப்பு தோன்றியபோது நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் உடன்பாடும் நிரல்களை இலக்கிய ஆக்கங்களாகக் காக்குமாறு கூறுகிறது. அதே உடன்பாடு தொழில்நுட்பத்தின் எல்லாத் துறைகளிலும் காப்புரிமை கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விரண்டாம் விதி மென்பொருளையும் உள்ளடக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

2002ஆம் ஆண்டுத் திருத்தம்

2002இல் செய்யப்பட்டு 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தமே 3(கே) உட்பிரிவைச் சேர்த்தது. கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், படிமுறைத் தீர்வு ஆகிய நான்கும் கண்டுபிடிப்பு அல்ல என்பது அதன் கருத்து. "தன்னளவில்" என்ற சொல் நிரலுக்கு மட்டுமே அடைமொழியாக உள்ளது. நிரலோடு துணையாகவோ நிரலின் மேல் வளர்ந்தோ வேறு கண்டுபிடிப்பு இருக்கலாம், அதனை மறுப்பது நோக்கமன்று, ஆனால் நிரலுக்கே காப்புரிமை வழங்குவதும் நோக்கமன்று என்று நாடாளுமன்றக் கூட்டுக்குழு இச்சொல்லுக்கு விளக்கம் தந்தது.

2004ஆம் ஆண்டு அவசரச் சட்டம்

2004 டிசம்பர் இறுதியில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் இவ்விலக்கைச் சுருக்கியது. தொழிலில் தொழில்நுட்பப் பயன்பாடு உள்ள நிரலும் வன்பொருளோடு இணைந்த நிரலும் விலக்கிற்கு உட்படா என்று அது கூறியது. ஏதேனும் ஒரு கணினியில் இயங்காத நிரல் இல்லையாதலால், ஏறத்தாழ எல்லா மென்பொருளுக்கும் இதனால் காப்புரிமை கோர இயலும் என்று கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர்கள் எதிர்த்தனர். இடதுசாரிக் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தில் இம்மாற்றம் இடம்பெறவில்லை. 2002ஆம் ஆண்டின் சொற்களே நிலைத்தன. நாடாளுமன்றம் அறிந்தே விலக்கிய ஒன்றைப் பின்னர் விளக்கத்தால் கொண்டுவரலாமா என்ற வினா இதனால் எழுந்தது.

வழிகாட்டுதல்கள்

சட்டம் மாறாதபோதும் அதனைக் காப்புரிமை அலுவலகம் எவ்வாறு பொருள்கொள்கிறது என்பது பலமுறை மாறியுள்ளது.

- 2015 ஆகஸ்ட்: தொழில்நுட்ப விளைவு உள்ள மென்பொருளுக்குக் காப்புரிமை தரலாம் என்ற வகையில் வழிகாட்டுதல்கள் வெளியாயின. எதிர்ப்பினால் அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன.
- 2016 பிப்ரவரி: புதிய வன்பொருளோடு இணைந்து கோரப்பட்டாலன்றி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்ற மூன்றுபடிச் சோதனை அறிவிக்கப்பட்டது.
- 2017 ஜூன்: புதிய வன்பொருள் வேண்டும் என்ற நிபந்தனை கைவிடப்பட்டது.
- 2025: செயற்கை நுண்ணறிவு முதலிய புதிய துறைகளையும் கருத்திற்கொண்டு திருத்திய வழிகாட்டுதல்கள் வெளியாயின.

ஒரே சொற்களைக் கொண்ட சட்டத்தின் கீழ், விண்ணப்பம் ஆய்வுக்கு வந்த ஆண்டைப் பொறுத்து முடிவு வேறுபடக்கூடிய நிலை இதனால் உருவானது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

ஃபெரித் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவையோ தொழில்நுட்பப் பங்களிப்பையோ காட்டும் கண்டுபிடிப்பு, கணினி நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதால் மட்டும் மறுக்கப்படலாகாது என்று கூறியது. 2002இல் இந்தியாவில் தாக்கல் செய்யப்பட்ட அவ்விண்ணப்பத்திற்கு 2020இல்தான் காப்புரிமை கிடைத்தது. அதன் இருபது ஆண்டுக் காலம் அப்போது முடிவடையும் தறுவாயில் இருந்தது. 2023 மே மாதம் ஓப்பன்டிவி வழக்கில் அதே நீதிமன்றம், வணிக முறைக்கு "தன்னளவில்" என்ற அடைமொழி இல்லாததால் அதற்கான தடை முழுமையானது என்று தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில்

இந்தியக் காப்புரிமை அலுவலகம் கொல்கத்தா, சென்னை, தில்லி, மும்பை ஆகிய நான்கு இடங்களில் செயற்படுகிறது. தென்மாநிலங்களின் விண்ணப்பங்கள் சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைக்கு உட்பட்டவை. நெருப்பெரிச்சலிலிருந்து தாக்கல் செய்யப்படும் விண்ணப்பமும் இவ்வலுவலகத்துக்கே உரியது. 2003இல் அமைக்கப்பட்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 2021 ஏப்ரலில் அவ்வாரியம் கலைக்கப்பட்டு, அதன் பணி உயர் நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கெனத் தனிப்பிரிவு 2023இல் தொடங்கப்பட்டது.

இவ்வமைப்புகளின் முன் வந்த சில வழக்குகள் குறிப்பிடத்தக்கன.

- யாகூ வழக்கு: இணையத் தேடலில் விளம்பரதாரரின் ஏலத்தொகைக்கேற்ப முடிவுகளை வரிசைப்படுத்தும் முறைக்கான விண்ணப்பம், வணிக முறை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. 2011 டிசம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அம்மறுப்பை உறுதி செய்தது.
- இரட்டைச் சிம் வழக்கு: ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகள் கொண்ட கைப்பேசிக்கு மதுரையைச் சேர்ந்த ஒருவர் 2008இல் காப்புரிமை பெற்றார். அதனைக் காட்டி 2009இல் சுங்கத்துறை வழியாக இறக்குமதிகளைத் தடுக்க முயன்றதால் பல நிறுவனங்களின் சரக்குகள் சிக்கலுக்கு உள்ளாயின. 2012இல் மேல்முறையீட்டு வாரியம் அக்காப்புரிமையை நீக்கியது. 2018இல் சுங்க விதிகளிலிருந்து காப்புரிமை விலக்கப்பட்டது.
- பஜாஜ் – டி.வி.எஸ். வழக்கு: இரட்டைப் பொறித்தக்கை கொண்ட இயந்திரம் குறித்த இவ்வழக்கு 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. 2009இல் உச்ச நீதிமன்றம், அறிவுசார் சொத்துரிமை வழக்குகள் இடைக்காலத் தடையோடு ஆண்டுக்கணக்கில் நிற்பதைக் கண்டித்து, விரைந்து விசாரிக்குமாறு பணித்தது. இருதரப்பும் 2019இல்தான் சமரசம் செய்துகொண்டன.

2024இல் மைக்ரோசாப்ட் குழும நிறுவனம் ஒன்றின் மேல்முறையீட்டில், 3(கே) உட்பிரிவின் அடிப்படையிலான மறுப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. புதிய வன்பொருள் இல்லாமையே மறுப்புக்குப் போதுமான காரணமாகாது என்ற போக்கு இன்று நீதிமன்றங்களில் வலுப்பெற்றுள்ளது.

பின்னலாடைத் தொழிலில் எல்லைக்கோடு

வட்டப் பின்னல் இயந்திரம், எம்பிராய்டரி இயந்திரம், சாயக் கலவைக் கணிப்பு, மார்க்கர் வரைவு, ஆணைக் கணக்கு என இத்தொழிலின் ஒவ்வொரு கட்டத்திலும் மென்பொருள் உள்ளது. 3(கே) வகுக்கும் எல்லையை இவற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

- கணித முறை: துணியின் நிறத்தை அளந்து, அந்நிறத்திற்குரிய சாய அளவுகளைக் கணிக்கும் நிரல்கள் 1931இல் வெளியான குபெல்கா – முங்க் கோட்பாட்டைப் பெரும்பாலும் அடிப்படையாகக் கொண்டவை. இத்தகைய சூத்திரம் எவருக்கும் உரிமையாகாது. எனவே எந்தச் சாயப்பட்டறையும் அதனைப் பயன்படுத்தலாம்.
- வணிக முறை: ஓர் ஆணையைப் பல சிறு நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க்காகப் பிரித்துக் கொடுத்து, கூலியைக் கணக்கிடும் முறையைக் கணினியில் செய்தாலும் அது வணிக முறையே.
- படிமுறைத் தீர்வு: மார்க்கரில் துண்டுகளை அடுக்கும் வரிசையை முடிவு செய்யும் கணக்கீடு மட்டும் கோரப்பட்டால் அது மறுக்கப்படும்.
- தொழில்நுட்ப விளைவு: வெட்டும் இயந்திரம் துணியின் இழுவையை உணர்ந்து, அதற்கேற்பக் கத்தியின் போக்கைத் தானே திருத்தி, துண்டுகளின் அளவுப் பிழையைக் குறைக்கிறது என்றால், அதில் நிரல் இருப்பினும் அது காப்புரிமைக்கு உரியதாகலாம். அது புதியதாகவும், அத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலுள்ள இடைவெளியே வழக்குகளுக்கு உரிய களம். அடுக்கும் கணக்கீட்டையே "துணி வீணாவதைக் குறைக்கும் அமைப்பு" என்று எழுதி, கணினித் திரை, நினைவகம் ஆகியவற்றைச் சேர்த்துக் கோரினால் அது எவ்வகை? கோரிக்கையின் சொல்லமைப்பைப் பாராது அதன் சாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. ஆனால் சாரம் எது என்பதை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

ஆதரவு வாதங்கள்

- மென்பொருள் ஆய்வுக்குப் பெரும் முதலீடு தேவை. முறையைக் காக்காமல் எழுத்தை மட்டும் காத்தால், பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்தின் கருத்தை எடுத்துத் தானே எழுதிக்கொள்ளும்.
- காப்புரிமை விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதங்களுக்குப் பின் வெளியிடப்படுகிறது. மறைவாக இருந்திருக்கக்கூடிய நுட்பம் இதனால் பொது அறிவாகிறது.
- முன்பு பற்சக்கரத்தால் செய்யப்பட்ட வேலை இன்று நிரலால் செய்யப்படுகிறது. பற்சக்கரத்திற்குக் கிடைத்த உரிமையை நிரலுக்கு மறுப்பது முரண்.

எதிர்ப்பு வாதங்கள்

- ஒரு நிரல் நூற்றுக்கணக்கான சிறு முறைகளால் ஆனது. அவற்றுள் எது எவருடைய காப்புரிமைக்கு உட்பட்டது என்று தேடிப் பார்ப்பது சிறு நிறுவனத்தால் இயலாது.
- மென்பொருள் துறையில் இருபது ஆண்டு என்பது மிக நீண்ட காலம். உரிமை முடியும்போது அம்முறை பயனற்றுப் போயிருக்கும்.
- வழக்கைத் தாங்கும் வலிமை பெரிய நிறுவனங்களுக்கே உண்டு. பொருள் எதனையும் செய்யாது காப்புரிமைகளை வாங்கிக் கட்டணம் கோருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றியுள்ளன.
- கட்டற்ற மென்பொருள் எவரும் எழுதி எவரும் பகிர்வது. ஒவ்வொரு படிக்கும் கட்டணம் கோரும் காப்புரிமையோடு அது ஒத்துவாராது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் லினக்சுக்கு மாறியதும், சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்சை உருவாக்கியதும் இத்தகைய பொது ஆக்கங்களை நம்பியே நிகழ்ந்தன.

மொழித் தொழில்நுட்பத்திலும் இவ்வினா எழுந்துள்ளது. வங்கதேசத்தில் விஜய் விசைப்பலகைக்கு உரிமை கோரப்பட்டதால், கட்டணமின்றி வழங்கப்பட்ட அவ்ரோ மென்பொருள் 2010இல் அதனை ஒத்த அமைப்பை நீக்க நேர்ந்தது. தமிழ்99 விசைப்பலகையை 1999இல் தமிழ்நாடு அரசு பொதுத் தரமாக ஏற்றதால், எவரும் தம் மென்பொருளில் அதனைச் சேர்க்க முடிகிறது.

தற்காலச் சிக்கல்கள்

தரநிலைக் காப்புரிமைகள்: கைப்பேசித் தொடர்புத் தரநிலைகளைப் பின்பற்ற இன்றியமையாத காப்புரிமைகளுக்கு நியாயமான கட்டணமே பெறவேண்டும் என்பது மரபு. நியாயமானது எது என்பதில் வழக்குகள் உள்ளன. எரிக்சன் – லாவா வழக்கில் 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் சுமார் 244 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

செயற்கை நுண்ணறிவு: இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாளர் எனக் குறிப்பிட்ட விண்ணப்பத்தைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்க மறுத்தது. பிறருடைய எழுத்துகளைக் கொண்டு மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பது பதிப்புரிமை மீறலா என்ற வினாவை எழுப்பி, ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

தொழில் மறைபொருள்: இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. ஒப்பந்தத்தின் வழியாகவே பாதுகாப்புத் தேடப்படுகிறது. தனிச்சட்டம் வேண்டும் என 22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது.

ஆடைக் கோலங்கள்: பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் ஐம்பது படிகளுக்கு மேல் உற்பத்தி செய்தால், அதன் மீதான பதிப்புரிமை முடிவுக்கு வருகிறது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு கூறுகிறது. பின்னலாடைத் தொழிலில் ஐம்பது என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. எம்பிராய்டரிக் கோலத்தைக் கணினியில் உருவாக்குவோர் பலரும் அறியாத விதி இது. கலை ஆக்கத்திற்கும் வடிவமைப்பிற்கும் உள்ள எல்லையை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கிரயோகாஸ் வழக்கில் விளக்கியது.

சிறு நிறுவனங்கள் கருத்திற்கொள்ள வேண்டியவை

- ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதும் நிரலின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனத்திற்கு உரியது. வெளியாளிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கும் நிரலுக்கு இவ்விதி பொருந்தாது. எழுத்து மூலம் உரிமை மாற்றித் தரப்படாவிட்டால் அது எழுதியவரிடமே இருக்கும்.
- உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இட எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது முக்கியமானது.
- காப்புரிமை கோர எண்ணும் கருவியை விண்ணப்பத்திற்கு முன் பொதுவில் வெளியிட்டால் அதன் புதுமை பொதுவாக இழக்கப்படும்.
- இணையவழி விண்ணப்பக் கட்டணம் தனிநபர், துளிர் நிறுவனம், சிறு நிறுவனம் ஆகியோருக்கு 1,600 ரூபாய். பிறருக்கு 8,000 ரூபாய். ஆய்வுக்கான வேண்டுகோளைத் தனியே அளிக்க வேண்டும். அதற்கான காலம் 2024ஆம் ஆண்டு விதிகளால் 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.
- வெளியிடப்பட்ட விண்ணப்பத்திற்குக் காப்புரிமை வழங்கப்படும் முன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கப்பட்டபின் ஓராண்டுக்குள் அதனால் பாதிக்கப்படக்கூடியவர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஒரு முறை முன்பே தொழிலில் புழக்கத்தில் இருந்தது என்பதற்கான பழைய பட்டியல், கையேடு, விலைச்சீட்டு ஆகியவை இத்தகைய எதிர்ப்பில் சான்றாகப் பயன்படும். எனவே தாம் காப்புரிமை கோராத நிறுவனமும், தான் பயன்படுத்தும் முறைகளை நாளிட்டு ஆவணப்படுத்தி வைத்தல் நன்று.